அது என்ன மலை?

கூத்தபிரான் ஐயாவுக்கு மறதி தொடங்கியபோது யாரும் அதை மறதி என்று நினைக்கவில்லை. ஞானம் என்றுதான் நினைத்தார்கள்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மருதங்குளம் என்று ஒரு சிற்றூர். குளத்தின் வடகரையில் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு. மனைவி காந்திமதி இறந்த பிறகு ஐயா அதில் தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காவி உடுத்தியதில்லை. யாருக்கும் தீட்சை கொடுத்ததுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து இருபது பேர் போல வருவார்கள், கேள்வி கேட்பார்கள். ஐயா ஒரு கதை சொல்வார். சில நாள் கதையும் சொல்லாமல் எழுந்து கரைமேல் நடப்பார். வந்தவர்களும் பின்னால் நடப்பார்கள்.

மற்ற நாட்களிலும் வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் சங்கரபாகம். செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தார். ஐயா வாயைத் திறந்தால் போதும், நோட்டை விரித்து எழுதத் தொடங்கிவிடுவார். இன்னொருத்தி ஆவுடை. ஊர் அஞ்சலகம் அவள் பொறுப்பில் இருந்தது. ஊருக்கு அவள் போஸ்ட்டம்மா.

ஆவுடையின் கணவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனான். மூன்று வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவள் கையால்தான் முத்திரை விழ வேண்டும். தினமும் காலை பத்து மணிக்குத் தபால் பையைப் பிரிப்பாள். தனக்கு ஒன்றும் இல்லை என்பது பத்தே காலுக்குத் தெரிந்துவிடும். இப்படியே நாலு வருஷம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவள் ஐயாவிடம் வந்தாள்.

"மனசு ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது ஐயா. நான் என்ன செய்யணும்?"

"காலைல எத்தன மணிக்கு எந்திரிப்ப?"

"அஞ்சு மணிக்கு."

"அஞ்சரைக்குக் கரைக்கு வா."

வந்தாள். ஐயா ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. முதல் மாதம் முழுக்க அவள் குளத்தைப் பார்த்து நின்றபடி மலேசியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாதம் ஒருநாள், முக்குளிப்பான் ஒன்று அவள் கண்ணெதிரே தண்ணீருக்குள் போனது. போன இடத்தில் வட்டம் விரிந்து அடங்கியது. பறவையைக் காணோம். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அது எங்கோ தூரத்தில், அல்லிக் கொடிக்கு நடுவில், தலையை உதறிக்கொண்டு எழுந்தது. ஆவுடை சிரித்துவிட்டாள்.

"அது உள்ள இருந்த நேரம் நீ எங்க இருந்த?" என்று ஐயா கேட்டார்.

"இங்கதான் ஐயா இருந்தேன்."

"அம்புட்டுத்தான்."

அதன் பிறகு பதினோரு வருஷம் அவள் ஒருநாளும் கரைக்கு வராமல் இருந்ததில்லை.

ஒரு ஆனி மாதம். சாரல் தொடங்கிய முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரையில் நின்றிருந்தது. மேகம் கொஞ்சம் விலகி, மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. ஐயா அதை நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அது என்ன மலை?"

எழுபத்தைந்து வருஷம் அந்த மலையடியில் வாழ்ந்தவர் கேட்கும் கேள்விக்கு மலையின் பெயரையா பதிலாகச் சொல்வது? சங்கரபாகம் நோட்டை எடுத்து எழுதினார். 'ஐயா இன்று கேட்டது: அது என்ன மலை?' கீழே இரண்டு கோடு போட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்த இருபது பேரும் மூன்று மாதம் யோசித்தார்கள். பெயர் வேறு பொருள் வேறு என்றார் ஒருவர். மலையே கேள்விதான் என்றார் இன்னொருவர். சங்கரபாகம் தினமும் கடை திறக்கும் முன்னால், மரக்கட்டைமேல் உட்கார்ந்து மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்து ஒருநாள் ஐயாவின் மூக்குக் கண்ணாடி அரிசிப் பானைக்குள் கிடந்தது. 'பார்வை பசிக்குள் இருக்கிறது' என்று சங்கரபாகம் எழுதிக்கொண்டார்.

ஆவுடைக்குத்தான் முதலில் தெரிந்தது. புரட்டாசியில் ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு ஐயா அஞ்சலகத்துக்கு வந்தார். கையில் ஒரு இன்லண்ட் லெட்டர். ஒட்டி மூடியிருந்தது.

"இத இன்னைக்கே அனுப்பிரணும் ஆவுடை. அவ காத்துக்கிட்டு இருப்பா."

முகவரி எழுதும் இடத்தில் 'காந்திமதி' என்று மட்டும் இருந்தது. அவர் மனைவி இறந்து ஒன்பது வருஷம்.

"விலாசம் இல்லையே ஐயா."

"விலாசம் எதுக்கு? நம்ம வீட்டுக்குத்தான்."

ஆவுடை அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டும் இல்லை, கதையும் இல்லை. கடிதம் போட வந்த ஒரு மனிதனின் முகம். அவள் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, தபால்தலைமேல் ஓங்கி அடித்தாள்.

"இன்னைக்குப் பையிலயே போயிரும் ஐயா."

"நல்லது," என்று அவர் போனார். ஆவுடை கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அன்று வந்த சேமிப்புக் கணக்குக்காரர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

ஆவுடை ஐயாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மறதி நோய்தான் என்றார். ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், இனிக் கூடும், குறையாது என்றார். ஐயா டாக்டரின் சன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் அணில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கரபாகத்திடம் ஆவுடைதான் சொன்னாள். அவர் அன்று சாயங்காலமே வந்தார். கையில் பதினாறு நோட்டு, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஐயாவின் முன்னால் அதை வைத்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லணும்."

"கேளு."

"அது என்ன மலைன்னு ஒருநாள் எங்ககிட்ட கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"பாடமாக் கேட்டீங்களா, தெரியாமக் கேட்டீங்களா?"

அன்று ஐயாவுக்குத் தெளிவான நாள்.

"தெரியாமத்தான் கேட்டிருப்பேன்."

சங்கரபாகம் நோட்டுக் கட்டின்மேல் கையை வைத்தார். "அப்ப இதுல எது நீங்க சொன்னது, எது உங்க சீக்கு சொன்னது? நான் எப்படிப் பிரிப்பேன்? மூணு மாசம் ஐயா… மூணு மாசம் அந்த ஒரு கேள்விய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்!"

"உக்காந்து என்ன செஞ்ச?"

"மலையப் பாத்தேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

"எப்படி இருந்துச்சு?"

சங்கரபாகம் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு தலைகுனிந்துகொண்டார். நோட்டுக் கட்டை எடுக்காமலே எழுந்து போய்விட்டார். அவர் மறுபடி வரவில்லை.

தை பிறப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருபதிலிருந்து ஏழாயிற்று, பிறகு மூன்று. ஐயா ஒரு கதையைத் தொடங்குவார், நடுவில் நின்றுவிடுவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மூன்றாவது தடவை தொடங்கும்போது கேட்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். ஆவுடை மட்டும் ஒவ்வொரு தடவையும், "அப்புறம் ஐயா?" என்பாள். சமையலையும் அவளே செய்தாள். காலையில் கரைக்குக் கூட்டிப்போவதையும் அவளே செய்தாள். அவர் அவளைச் சில நாள் காந்திமதி என்று கூப்பிட்டார், சில நாள் டீச்சர் என்று கூப்பிட்டார். எந்தப் பெயருக்கும் அவள் திரும்பிப் பார்த்தாள். தன் பெயர் வருகிற நாளுக்காக உள்ளுக்குள் காத்திருந்தாள்.

ஆடி மாதம் அந்தச் சம்பவம் நடந்தது. ஆவுடை வேலைக்குப் போன பிறகு, ஐயா படித்துறை வழியாகக் குளத்துக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டார். திரும்பும் வழி தெரியவில்லை. எருமை குளிப்பாட்ட வந்த ஒருவர் பார்த்துக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து அவர் மகள் மங்கையர்க்கரசி வந்தாள். அவள் அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். கணவனும் அவளும் மட்டும். இரண்டு பேருமாகப் பேசி, பகலில் அப்பாவோடு இருக்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டு, முடிவோடு வந்திருந்தாள்.

"அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா."

ஆவுடை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் பாத்துக்கிடுதேன் மங்கை. இம்புட்டு நாளும் பாக்கலையா?"

"பாத்தீங்க அக்கா. பெத்த மக நான், நான் செய்யாதத நீங்க செஞ்சீங்க. ஆனா பத்து மணிக்கு நீங்க ஆபீசுக்குப் போயிருவீங்களே. அதுக்கப்புறம்?"

ஆவுடை அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"அங்க மாடி வீடுன்னு சொல்லுத. இந்த மலையும் குளமும் இல்லாம அவங்க எப்படி இருப்பாங்க? இதப் பாத்துப் பாத்துத்தான் அவங்க அவங்களா இருந்தாங்க. அங்க கொண்டு போனா ஒடிஞ்சு போயிருவாங்க."

"அது அப்பா சொன்னதா, நீங்க சொல்லுததா?"

"நான்தான் சொல்லுதேன்."

"அப்ப அவங்களையே கேட்டுருவோம்."

இருவரும் வாசலுக்குப் போனார்கள். ஐயா நார்க்கட்டிலில் உட்கார்ந்து, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் சாரல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தார். மங்கை அவர் அருகே உட்கார்ந்து சொன்னாள். ஊர் மாற வேண்டும், வீடு மாற வேண்டும், இனி அங்கேதான் என்று, எதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஐயா கவனமாகக் கேட்டார்.

"அங்க காலைல வெளிச்சம் வருமா?"

"வரும்ப்பா."

"சரி, போவோம்."

ஆவுடை திரும்பி அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துக் கார் வந்தது. அவள் ஐயாவின் வேட்டிகளை மடித்து வைத்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். காரில் உட்கார்ந்த பிறகு ஐயா சன்னல் வழியாக அவளை உற்றுப் பார்த்தார். அவள் குனிந்தாள்.

"நீ யாரும்மா?"

அவள் இந்தக் கேள்வியை ஒரு வருஷமாக எதிர்பார்த்திருந்தாள். இருந்தும் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"ஆவுடை."

"நல்ல பேரு," என்றார் ஐயா. கார் போயிற்று.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் விழித்தாள். ஐந்தரைக்கு வாசல்வரை வந்தாள். கரைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அஞ்சலகத்துக்குக் கரைவழிதான் குறுக்கு. அவள் பின்தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். கரையில் கால் வைத்தால் அவர் இல்லாத இடம் கண்ணில் படும். மலையைப் பார்த்தால் அவர் கேட்டது காதில் விழும். எதற்கு?

ஐப்பசியில் நல்ல மழை. குளம் பெருகி மறுகால் பாய்கிறது என்று அஞ்சலகத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். ஊரே போய்ப் பார்த்தது. வடக்கேயிருந்து ஏதோ புதுப்பறவைக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்றார்கள். "போஸ்ட்டம்மா, நீங்க பாக்கலையா?" என்று கேட்டார்கள். "வேல கெடக்கு," என்று அவள் முத்திரையை எடுத்தாள்.

மார்கழியில் அவள் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, சாயங்காலம் பஸ் ஏறி, மறுநாள் காலை கோயம்புத்தூரில் இறங்கினாள். வழியெல்லாம் தான் பார்க்கப்போவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டே வந்தாள். கூண்டில் அடைத்த கிளி மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். மெலிந்திருப்பார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

மங்கையின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்த மங்கை அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "பால்கனிலதான் இருக்காங்க. எந்நேரமும் அங்கதான்."

அது நாலடி அகலத்தில் ஒரு பால்கனி. கம்பிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அடுத்த கட்டிடத்தின் பின்சுவர். சுவர் முழுக்கக் குழாய்கள், காய்ந்த மழைக் கறை. மேலே ஒரு துண்டு வானம். ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலியவில்லை. முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. கண் எதையோ விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆவுடை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அடையாளம் தெரிந்த தலையசைப்பு இல்லை. வருகிற யாருக்கும் செய்கிற தலையசைப்பு.

"என்ன பாக்குதீங்க ஐயா?"

"அங்க."

எதிர்ச் சுவரில் குழாய் வளையும் இடத்தில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள்ளிருந்து ஒரு செடிக்கன்று எட்டிப்பார்த்தது.

"என்ன செடி ஐயா அது?"

"பேரு தெரியல. மூணு இலை வச்சிருக்கு. மேல இருக்கது இப்பத்தான் விரியுது. செவப்பா இருக்கு பாரு. வெளிச்சம் இன்னும் வரல. மேலேருந்து எறங்கி வந்துக்கிட்டு இருக்கு. அந்தா அந்த சன்னலு வரைக்கும் வந்துருச்சு. இனி குழாய். அப்புறம் அதுமேல படும்."

"தெனமும் இதேதான் அக்கா," என்று வாசலில் நின்ற மங்கை மெல்லச் சொன்னாள். "தெனமும் இன்னைக்குத்தான் மொத மொதப் பாக்குத மாதிரி சொல்லுவாங்க. ஆபீசுக்குக் கெளம்புத அவசரத்துலயும் நான் ரெண்டு நிமிஷம் நின்னு பாத்துட்டுத்தான் போறேன்."

வெளிச்சம் குழாய்க்கு வந்தது. பிறகு கன்றின்மேல் பட்டது. மேல் இலை தீக்கொழுந்து போல எரிந்தது. ஐயாவிடமிருந்து "ஆ" என்று ஒரு சின்ன ஒலி வந்தது.

ஆவுடையால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனை பெரிய மலை, எத்தனை பெரிய தண்ணீர்! அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த மனிதர் மூன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே.

"ஏம்மா அழுத?"

"உங்க மலை இங்க இல்லையே ஐயா."

"என் மலையா?"

"ஆமா. உங்க வாசல்ல உக்காந்தா முழுசாத் தெரியும். முன்னால குளம்."

"அப்படியா!" ஐயா நாற்காலியைத் திருப்பி அவளுக்கு நேராக உட்கார்ந்தார். "நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"சொல்லு."

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்லத் தொடங்கினாள். விடிவதற்கு முன்னால் மலை கறுப்பாக இருப்பதைச் சொன்னாள். முதலில் உச்சியில் ஒரு விரற்கடை சிவப்பதைச் சொன்னாள். சாரல் வெள்ளைச் சேலை மாதிரி சரிவில் இறங்கி, பாதி தூரத்தில் மனசு மாறித் திரும்பிப் போவதைச் சொன்னாள். மழை பெய்த மறுநாள் பாறையில் புதுசு புதுசாக ஓடை விழுவதையும், காற்று திரும்பினால் அந்தச் சத்தம் கரைவரைக்கும் கேட்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு வந்துகொண்டே இருந்தது. ஐயா இமைக்காமல் கேட்டார். கேட்டுக்கொண்டே நாற்காலியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் நிறுத்தியதும் கேட்டார்.

"இன்னைக்குக் காலைல எப்படி இருந்துச்சு?"

"இன்னைக்கு நான் பஸ்ஸுல வந்தேன் ஐயா."

"நேத்து?"

ஆவுடை முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அதுக்கு முந்தின நாளு?"

கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. அது நின்றதும் அவள் சொன்னாள்.

"நான் பாத்து நாலு மாசத்துக்கு மேல ஆச்சு ஐயா."

ஐயா கோபப்படவில்லை. அவருக்கு அது புரியவில்லை. அவ்வளவுதான்.

"ரொம்பத் தூரமோ?"

"இல்ல. வீட்டுலேருந்து நூறு எட்டு வச்சாக் கரை வந்துரும்."

அவர் நாற்காலியை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்துட்டு வந்து சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்."